மடியில் கனம் – 11: இருநூற்றைம்பது ரூபாய்

சீட்டு, நகை, எல்.ஐ.சி. எல்லாம் இந்தத் தொடரில் பார்த்தாகிவிட்டது, தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் கல்விக் கடன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் தபால் நிலையத்தில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

மார்ச் கடைசி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, பிளாஸ்டிக் உறையிலிருந்து செல்வமகள் பாஸ்புக்கை உருவி, இரண்டு நூறும் ஒரு ஐம்பதும் நீட்டினார். “இவ்வளவுதானாம்மா?” என்றார் கவுன்டரில் இருந்தவர். “கணக்கு செத்துடக் கூடாதுல்ல சார்!” அடுத்து நின்றவர் மகள் பேரில் ஒன்றரை லட்சத்துக்குச் செக் கொடுத்தார். அதே படிவம், அதே முத்திரை.

பெண் குழந்தைகளுக்காக 2015 ஜனவரியில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம் இது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். 15 வருடம் கட்ட வேண்டும். 21ஆம் வருடம் முதிர்வு. வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் என்று இருந்ததை 2018இல் 250 ஆக்கினார்கள். உச்சவரம்பு ஒன்றரை லட்சம். 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 8.2 சதவீத வட்டி கடைசிவரை மாறாது என்று வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். வருடத் தொடக்கத்திலேயே 250 கட்டி வந்தால் முடிவில் ஏறக்குறைய 12,000 ரூபாய். ஒன்றரை லட்சம் கட்டி வந்தால் ஏறக்குறைய 72 லட்சம். இரண்டு தடவை சரிபார்த்தேன். எல்லாருக்கும் ஒரே வட்டி என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஒரே வட்டிதான் அறுநூறு மடங்கு இடைவெளியை அறுநூறு மடங்காகவே 21 வருடம் பத்திரமாகக் காத்து, அரசு முத்திரையோடு திருப்பிக் கொடுக்கிறது.

இன்னும் இருக்கிறது. ஒரு வருடம் கட்டத் தவறினால் அபராதம் 50 ரூபாய், யாராக இருந்தாலும். ஒன்றரை லட்சக்காரருக்கு அது டீச்செலவு. அந்த அம்மாவுக்கு வருடத் தவணையில் ஐந்தில் ஒரு பங்கு. 80சி வரிச்சலுகையும் உண்டு, அதுவும் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவருக்கு மட்டும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குப் பிறகு இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. கையில் பணம் இருக்கிறவர் ஏப்ரல் 5க்குள் கட்டி முழு வருட வட்டியை வாங்கிவிடுகிறார். புரட்டிச் சேர்த்து மார்ச் கடைசியில் கட்டுகிறவருக்கு அந்தத் தவணைக்கான அந்த வருட வட்டி போச்சு.

இதே 250 இன்னொரு நாட்டிலும் உண்டு. பிரிட்டனில் 2002 செப்டம்பர் முதல் 2011 ஜனவரி தொடக்கம் வரை பிறந்த குழந்தைகளுக்கு அரசே 250 பவுண்டு போட்டுக் கணக்குத் தொடங்கியது; ஏழைக் குடும்பமென்றால் 500. பிறகு வந்த அரசு சிக்கனம் என்று சொல்லி அந்தப் பணத்தைக் குறைத்து, நிறுத்தியும் விட்டது. முதல் பிள்ளைகளுக்கு 2020இல் 18 வயது ஆனது. லட்சக்கணக்கான கணக்குகளைக் கேட்க ஆளில்லை என்பது தனிக்கதை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1992இல் தமிழ்நாட்டில் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் அரசுதான் பணம் போடுகிறது. ஒரே பெண்ணென்றால் 50,000, இரண்டு பெண்களென்றால் தலைக்கு 25,000. வருமான வரம்பு உண்டு, கருத்தடை நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனை எனக்கு உவப்பில்லை. ஆனால் இல்லாத வீட்டுப் பிள்ளை பேரில் பணத்தையே போடுவதுதான் உதவி. இருக்கிறவருக்கு நல்ல வட்டி கொடுப்பது வேறு சமாச்சாரம்.

பையன்களைப் பெற்றவர்கள் கோபிக்க வேண்டாம். நம் தபால் துறை 2015இலேயே உங்களுக்கு ‘பொன்மகன்’ கொடுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பழைய பி.பி.எஃப்.தான். பெயர் வைப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கல்விக் கடன் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள்: மகளின் பாஸ்புக்கை எடுத்து, விட்டுப்போன வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் தொடங்கி 15 வருடம் முடிவதற்குள், விட்டுப்போன ஒவ்வொரு வருடத்துக்கும் 300 ரூபாய் கட்டினால் கணக்கு உயிர் பெறும்.