பிரஸ் யந்திரமும் பத்து விரல்களும்

1960-களில் அம்பத்தூரில் வேரூன்றிய தொழிற்பேட்டை நாளடைவில் மேற்கே படர்ந்து, பூவிருந்தவல்லியையும் திருமழிசையையும் கடந்து, குத்தம்பாக்கத்து ஏரிக்கரை இளைஞர்களையும் ஷிஃப்டு வேலைக்குப் பழக்கிய பிறகு, மோட்டார் வாகனங்களுக்குத் தகட்டுச் சாமான்களை அடித்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப்புகளின் ஓசை இப்பிரதேசத்தாருக்குப் பரிச்சயமாகிவிட்டது. கால்மிதியை அமுக்கியதும் மேல் டை கீழ் டையின்மீது இறங்குகிற இந்த யந்திரத்தில், தகட்டை வைக்கும் கையும் சாமானை எடுக்கும் கையும் இரு டைகளின் இடைவெளிக்குள் போய்த்தான் மீள வேண்டும். இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி யந்திரம் இயங்காதபடி செய்யும் உபாயம் பழையதே. கை குறுக்கிட்டால் ஓட்டத்தை நிறுத்தும் ஒளித்திரையும் உண்டு.

ஆயினும் விரல்கள் போகின்றன. மாலைக்குள் இத்தனை உருப்படி ஆகவேண்டும் என்று சூப்பர்வைசர் நெருக்கும்போது, ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகி மற்றதை மட்டும் அழுத்தினால் வேகம் கூடும் என்பது எல்லாரும் அறிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி. பிறகு நடக்கும் விசாரணையில் ‘தொழிலாளியின் அஜாக்கிரதை’ என்று எழுதி முடிப்பார்கள். மரச்சில்லை அத்தனை நாள் பார்த்தும் பாராதிருந்தவர்களின் அஜாக்கிரதைக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

அபாயகரமான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு விதித்தது. அதே ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டமோ, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 14 சதவீதமும், கட்டைவிரல் போனால் 30 சதவீதமும் நஷ்டம் என்று அட்டவணையிட்டு, கூலியில் 90 சதவீதத்தை ஆதாரமாகக் கொண்டு அந்த விகிதத்தில் ஆயுள்வரை உதவித்தொகை தர வழிசெய்தது. இது பெரும் உபகாரந்தான், ஆனால் இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் முதலாளி தம் நஷ்டத்தைக் கணக்கிடத் தவறிவிடுகிறார். நின்ற யந்திரம், பழுதான டை, தாமதமான லோடு, புதிய ஆளைப் பழக்கும் நாட்கள், பயந்து கிராமத்துக்குத் திரும்பும் காண்டிராக்ட் தொழிலாளிகள் ஆகிய மறைமுகச் செலவு நேரடிச் செலவைப்போல் நான்கு மடங்கு என்று அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹைன்ரிக் 1931-இல் எழுதினார். நான்கு மடங்கா என்பதில் அறிஞருக்குள் விவாதம் உண்டு. அச்செலவு உண்டு என்பதில் இல்லை.

விரல்கள் போகாதிருக்க, மயிரிழையில் கை தப்பியதை ஏச்சுக்கு அஞ்சாமல் சொல்லவும், சந்தேகம் வந்தால் யந்திரத்தை நிறுத்தவும், அதனால் குறையும் உருப்படிகள் தன் கூலியைத் தொடாது என்று நம்பவும் நேற்று சேர்ந்த காண்டிராக்ட் பையனுக்கும் இடமிருக்க வேண்டும். தம் ஆலையில் அந்த நிலை உண்டா என்று அறிய விரும்பும் முதலாளி, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் உறுதிமொழி வாசிப்பதோடு நில்லாமல், மாதக் கடைசியில், லோடு ஏற்றும் அவசரம் உச்சத்திலிருக்கும் இரவு ஷிஃப்டில், முன்னறிவிப்பின்றிப் போய் அந்த இரண்டாவது பொத்தானைப் பார்க்கட்டும்.