வழுக்கலும் வழக்கும்

மழைக்காலம் வந்துவிட்டால் பளபளக்கும் கிரானைட் தரைகள் பொறிகளாக மாறிவிடுகின்றன. ஜவுளிக்கடை வாசல், ஓட்டல் வரவேற்பறை, மருத்துவமனை வராந்தா என்று எங்கும் ஈரம். தரையைத் துடைத்த ஊழியர் எச்சரிக்கைப் பலகை வைக்க மறந்திருப்பார். வழுக்கி விழுந்தவர் முதலில் செய்வது, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் நோட்டமிட்டு, உடையைச் சரிசெய்துகொண்டு நழுவிவிடுவது. மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்பது மறுநாள் எக்ஸ்ரேயில்தான் தெரிகிறது. அதற்குள் தரை காய்ந்திருக்கும்.

சிக்கலே அங்குதான். விழுந்தது மட்டும் போதாது, இடத்துக்குப் பொறுப்பானவரின் கவனக்குறைவால் விழுந்ததாக நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். எனவே செல்போனில் அந்த ஈரத்தையும், உடைந்த படியையும், எரியாத விளக்கையும் உடனே படமெடுப்பது அவசியம். பக்கத்தில் நின்றவர்களின் பெயர், தொலைபேசி எண்ணும் வேண்டும். மேலாளரிடம் எழுத்து மூலம் புகார் தந்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். கண்காணிப்பு கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேட்டுவிடுவது நல்லது. பல இடங்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடுகிறது. டாக்டரிடம் விழுந்த இடத்தையும் விதத்தையும் சொல்லி எழுதவைக்க வேண்டும். வீட்டில் விழுந்ததாகக் கூச்சத்தில் சொன்ன ஒரு பொய், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைத்த வரம்.

நிர்வாகம் சிகிச்சைச் செலவைத் தர முன்வரலாம். வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைக் கண்டும் பயப்பட வேண்டியதில்லை. டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் கார் திருடுபோன வழக்கில், அப்படி எழுதிவைத்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எங்கே போவது? சிவில் நீதிமன்றம் என்றால் பொறுமை வேண்டும். 1972இல் டெல்லி ஓபராய் இன்டர்காண்டினென்டல் ஓட்டலின் நீச்சல்குளத்தில் குதித்த ஜெர்மன் துணை விமானியின் தலை அடித்தளத்தில் மோதியது. உடல் செயலிழந்த அவர் 1975இல் வழக்குப் போட்டு, 1985இல் இறந்தும் போனார். நீதிபதி ஆர்.சி. லகோத்தி 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கியது 1997இல். மேல்முறையீட்டில் அதுவும் நிலைக்கவில்லை: மனுதாரர் இறந்ததுமே வழக்கு அற்றுப்போனதாம்!

காசு கொடுத்துச் சேவை பெற்றவருக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பில் பத்திரம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

ரயில்வேயின் கணக்கு தனி. பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்தால் யார் தவறு என்று பார்க்காமலே ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் அப்படியே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிளாட்பாரத்து வாழைப்பழத் தோலில் வழுக்கியவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.