ஹார்டு டிஸ்க்குக்கும் காது உண்டு!

வாருங்கள், ராசிபுரத்துப் பக்கம் ஒரு சேகோ மில்லின் ஆபீஸ் ரூமுக்குள் எட்டிப்பார்ப்போம்! குச்சிக்கிழங்கு வரவு, லாரி வாடகை, கூலி, பில் எல்லாமே மேஜைக்கடியில் உள்ள ஒரே சர்வரில். அதில் ஹார்டு டிஸ்க் போகிறது. புதுசு போட்டால் அதுவும் போகிறது. மறுபடியும்! யுபிஎஸ்ஸைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

செத்த டிஸ்க்கின் மூடியை சர்வீஸ்காரர் கழற்றினார். அடடா, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் தட்டு! நிமிடத்துக்கு 7,200 சுற்று. தட்டின் ஓரம் மணிக்கு 130 கிலோமீட்டரை நெருங்கும். நாமக்கல் லாரி எதுவும் கிட்டே வராது. அதன்மேல், தகவலைப் படித்து எழுதும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதக்கிறது. தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! நினைத்தாலே புல்லரிக்கிறது. இந்தத் தட்டிலோ ஹெட் உரசிய வட்டக் கீறல், வெளிச்சத்தில் சாய்த்தால் பளிச்சென்று தெரிந்தது.

வில்லன் சுவருக்கு அந்தப் பக்கம். சல்லடை மெஷின் ஓடத் தொடங்கியதும் மேஜைமேல் டீ கிளாஸில் வட்ட வட்டமாய் அலை! அதே தரையில்தான் சர்வரும். அதிர்ந்தால் ஹெட் தடம் தவறும், திரும்பத் திரும்பத் தேடும், வேகம் விழும். போதாததற்கு ஃபேனில் கிழங்கு மாவு அப்பி, உள்ளே ஒரே சூடு.

அதிர்வு என்ன, வெறும் சத்தமே போதும்! 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் டிஸ்க் வரிசை முன்னால் நின்று காட்டுக்கத்தல் கத்த, டிஸ்க்குகள் தாமதமாவது திரையில் அப்படியே தெரிந்தது. வீடியோவைத் தேடிப் பாருங்கள், அற்புதம்! 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, அது பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் பாழாகி, ஏடிஎம்களும் கார்டுகளும் பல மணி நேரம் முடங்கின.

மில்லில் சர்வர் மாடிக்கு ஏறியது. அடியில் ரப்பர், உள்ளே அதிர்வை உணரும் சென்சார் உள்ள டிஸ்க்குகள். அவற்றையும் ஒரே லாட்டில் வாங்கவில்லை. சேர்ந்து பிறந்தவை சேர்ந்தே போகக்கூடும். ஒன்று போய், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு அதை மீட்கும் இரவில்தான் மற்றவற்றுக்கு வேலைப்பளு உச்சம், அடுத்ததும் அப்போதே சாயலாம். அதோடு, தவறுதலாக அழித்த கணக்கை ரெய்டு காப்பாற்றாது, எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். அதனால் கணக்குப்பிள்ளை தினமும் தனி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அது திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் போட்டும் பார்க்கிறார்!