கோடை லீவுக்கு கினி பிக்கையும் கூட்டிட்டுப் போறீங்களா? பெட்டி வாங்கும் முன் இதைப் படிங்க!

பள்ளிக்கு லீவு விட்டாச்சு. ஊட்டியா, கொடைக்கானலா, சென்னையில் இருக்கும் சித்தி வீடா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. நடுவில் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "அப்போ நம்ம கினி பிக்கை யார் பார்த்துக்குவா? அதையும் எடுத்துட்டுப் போலாமா?"

எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கடையில் அழகாக இருக்கும் ஒரு கூண்டை வாங்கி அதில் போட்டுக்கொண்டு கிளம்பினால், மே மாத வெயிலில் அந்தக் குட்டி உயிருக்கே ஆபத்தாகிவிடும். விருத்தாசலம் போன்ற ஊரில் பயணப் பெட்டியைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் வெப்பம். அழகு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏன், எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

வெயில் ஏன் இவ்வளவு ஆபத்து?

கினி பிக்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெயரில் பன்றி இருந்தாலும் இது பன்றி இனம் இல்லை, எலி, அணில் போலக் கொறித்துண்ணும் விலங்கு. குளிர்ந்த மலைக்காற்றில் வாழ்ந்த இனத்தின் வாரிசு என்பதால் உடல் முழுக்க அடர்த்தியான ரோமம்.

நமக்கு வியர்க்கும், நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியும். கினி பிக்கிற்கு இரண்டும் சரியாக வராது. அதற்கு வசதியான வெப்பநிலை சுமார் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே சிரமப்படத் தொடங்கும்.

இதன் உடல் வெப்பநிலை சுமார் 38, 39 டிகிரி. அக்னி நட்சத்திர நாட்களில் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்கு வந்துவிடுகிறது. உடம்பில் இருக்கும் சூடு வெளியேற வேண்டுமானால், வெளியே அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் சூடு போக வழியே இல்லை. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஒரே கூண்டு போதுமா?

போதாது. பலரும் செய்யும் தவறு இதுதான். வண்டியில் போகும்போது தேவைப்படுவது வேறு, போய்ச் சேர்ந்த இடத்தில் தங்கத் தேவைப்படுவது வேறு. வண்டிக்குச் சின்னப் பெட்டி, தங்கும் இடத்துக்குப் பெரிய மடக்குக் கூண்டு என இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கூண்டை அப்படியே வண்டியில் ஏற்றினால், பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது உருண்டு அடிபடும். சின்னப் பெட்டியிலேயே 4 நாள் அடைத்து வைத்தால் நடக்க இடமில்லாமல் முடங்கிப்போகும்.

வண்டிக்கான பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

* அளவு: வளர்ந்த கினி பிக்கின் நீளம் 20 முதல் 30 செ.மீ. இருக்கும். ஒன்று அல்லது பழகிய ஜோடிக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். விமானத்தில் உயிரினங்களைக் கொண்டுசெல்ல ஐயாட்டா அமைப்பு வகுத்த விதிகளின் அடிப்படையும் எளிமையானதுதான்: உள்ளே இருக்கும் விலங்கு இயல்பாக நிற்க, திரும்ப, படுக்க முடிய வேண்டும்.
* பொருள்: கெட்டியான பிளாஸ்டிக் நல்லது. அட்டைப்பெட்டி சிறுநீரில் ஊறிக் கிழிந்துவிடும். துணிப் பையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், கடிப்பது அதன் சுபாவம்.
* காற்று: பக்கவாட்டில் குறைந்தது இரண்டு புறமாவது காற்று வர வேண்டும். மூடியில் மட்டும் ஓட்டை இருந்தால் போதாது. மேலே ஒரு பையை வைத்தால் காற்று நின்றுவிடும்.
* கதவு: மேல்பக்கம் திறப்பது வசதி. பயந்த நேரத்தில் பக்கக் கதவு வழியாக இழுத்தால் மிரளும்.
* தரை: கம்பித் தரை கூடவே கூடாது. பாதம் வீங்கிப் புண்ணாகும். அடியில் நாளிதழ், அதன் மேல் பழைய காட்டன் துண்டு, அதன் மேல் காய்ந்த புல். இவ்வளவுதான்.

கிளம்பும் நாளன்று புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். ஒரு வாரம் முன்பே பெட்டியை வீட்டுக் கூண்டுக்குள் திறந்து வைத்து, உள்ளே புல் போடுங்கள். தானாகப் போய் உட்காரப் பழகிவிடும்.

"வாந்தி எடுக்கும், சாப்பாடு கொடுக்காதே" என்பது சரியா?

நாய்க்குச் சொல்லும் அறிவுரை இது. கினி பிக்கிற்குப் பொருந்தாது. இதால் வாந்தி எடுக்கவே முடியாது. வயிறு காலியாக இருந்தால்தான் சிக்கல். இதன் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பல மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே வழி முழுக்கப் பெட்டியில் புல் இருக்க வேண்டும். மருந்து அடிக்காத இடத்தில் பறித்த அருகம்புல் கொடுக்கலாம். வைக்கோல் விரிப்புக்கு ஓகே, சாப்பாட்டுக்குப் போதாது. குதிரைமசாலில் கால்சியம் அதிகம் என்பதால் வளர்ந்த கினி பிக்கிற்கு அதையே முழுநேர உணவாக்க வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலை ஓடும் வண்டியில் மாட்டினால் சொட்டிச் சொட்டி விரிப்பு நனைந்துவிடும். அதற்குப் பதில் வெள்ளரித் துண்டுகளைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் வண்டி நிற்கும்போது பாட்டிலைக் காட்டினால் குடித்துக்கொள்ளும். மனிதர்களைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. அதனால் டூர் நாட்களிலும் குடைமிளகாய், கொத்தமல்லி தினமும் கொஞ்சம் தேவை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பால், பிஸ்கட் வேண்டாம்.

கார், பஸ், ரயில்: எதில் என்ன கவனிக்க வேண்டும்?

கார்: முன்கூட்டியே ஏசி போட்டு உள்ளே குளிர்ந்த பிறகு பெட்டியை ஏற்றுங்கள். பின் சீட்டின் கால் வைக்கும் இடம், அல்லது சீட்டில் பெல்ட் போட்டு வைப்பது பாதுகாப்பு. டிக்கியில் வைக்கக் கூடாது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கவும் கூடாது. முக்கியமாக, "டீ குடிச்சிட்டு 5 நிமிஷத்தில் வந்துடலாம்" என்று பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

பஸ்: டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் லக்கேஜ் வைப்பது நம்ம ஊர் வழக்கம். அங்கே கினி பிக் பெட்டியை வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரி. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள்.

ரயில்: விருத்தாசலம் ஜங்ஷனில் இருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் பாதை இருக்கிறது. ஆனால் ரயில்வேயின் செல்லப்பிராணி விதிகள் பெரும்பாலும் நாயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முதல் வகுப்பு ஏசியில் 2 பெர்த் கூபே அல்லது 4 பெர்த் கேபினை முழுசாகப் புக் செய்தால் உடன் அழைத்துச் செல்லலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி, சேர் கார், ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. மற்றபடி பிரேக் வேனில் இருக்கும் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். பகலில் ஓடும் வைகை, பல்லவன் போன்ற ரயில்களில் கூபே வசதி கிடையாது.

பிரேக் வேன் சூடு, சத்தம் இரண்டும் கினி பிக்கிற்குத் தாங்காது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்தில் உங்கள் ரயிலுக்கு என்ன அனுமதி என்று கேட்டுவிடுங்கள். வண்டி ஏறிய பிறகு டிடிஇயிடம் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு எங்கே தங்க வைப்பது?

இங்கேதான் மடக்குக் கூண்டு. இரண்டு கினி பிக்கிற்குக் குறைந்தது 7.5 சதுர அடி இடம் வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இதை வீட்டிலேயே செய்யலாம்.

14 அங்குல சதுரக் கம்பி வலைத் துண்டுகள் 10 எடுத்துக்கொள்ளுங்கள். நீளப் பக்கத்துக்கு 3, அகலப் பக்கத்துக்கு 2 என கேபிள் டை போட்டு இணைத்தால் 42 அங்குலத்துக்கு 28 அங்குலம், அதாவது 8 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். வலையின் ஓட்டை ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். தரைக்கு, போர்டு வைக்கப் பயன்படும் சன்பேக் ஷீட்டை விரித்து ஓரங்களை மடித்து விடலாம். கழற்றினால் சூட்கேஸ் பக்கத்தில் தட்டையாகச் செருகிவிடலாம். உறவினர் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் மேலேயும் மூடி தேவை. ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் கட்டாயம். புது இடத்தில் ஒளிய இடம் இல்லாவிட்டால் சாப்பிடவே பயப்படும்.

விருத்தாசலத்துப் பீங்கான் இங்கே உதவுமா?

உதவும். பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் கேரியர் என்று பீங்கான் பொருட்களுக்குப் பெயர் வாங்கிய ஊர் இது. கினி பிக் கூண்டுக்கு இதில் மூன்று பொருள் பயன்படும்.

1. தண்ணீர், தீவனக் கிண்ணம்: கனமான பீங்கான் கிண்ணத்தைக் காலால் தட்டிக் கவிழ்க்க முடியாது, பல்லால் கடித்து உடைக்கவும் முடியாது. ஆனால் இது தங்கும் கூண்டுக்கு மட்டும்தான். ஓடும் வண்டியில் வைத்தால் நகர்ந்து வந்து அடித்துவிடும்.
2. டைல்ஸ் துண்டு: கூண்டின் ஒரு மூலையில் ஓரம் மழுங்கிய டைல்ஸ் போட்டால் அதன் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். உடம்புச் சூட்டை டைல்ஸ் வேகமாக இழுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. ஆனால் அறையே 38 டிகிரியில் இருந்தால் டைல்ஸும் சூடாகத்தான் இருக்கும். அப்போது ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, துணி சுற்றிக் கொடுக்க வேண்டும்.
3. மண்பானை: பக்கவாட்டில் சாய்த்து வைத்த வாயகன்ற பானை நல்ல மறைவிடம். வெளிப்புறத்தில் தண்ணீர் தெளித்தால் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும்.

ஒரு எச்சரிக்கை: வண்ணம் பூசிய அலங்காரப் பொம்மையைக் கூண்டுக்குள் வைக்காதீர்கள். அந்த வண்ணம் வாயில் படுவதற்காகப் பூசப்பட்டது அல்ல, இதுவோ எதையும் கொறித்துப் பார்க்கும் ஜீவன். சாப்பாட்டுக்குப் பயன்படும், கிளேஸ் பூசிய கிண்ணமே பாதுகாப்பு.

ஊட்டி, கொடைக்கானல் போறவங்க கவனத்துக்கு

வழியில் பெட்டியைக் குளிர்விக்க, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒட்டி வைப்பது நல்ல உத்தி. ஆனால் நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, ஸ்டீல் பாட்டிலில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டுக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. கிளம்பும் முன் அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள்.

மலையில் பகல் வசதியாக இருக்கும், இரவு குளிர் இறங்கும். கூண்டை ஜன்னல் ஓரமோ வெறும் தரையிலோ வைக்காமல், கூடுதலாகப் புல்லும் துண்டும் போடுங்கள். செல்லப்பிராணியை ஓட்டலில் அனுமதிப்பார்களா என்பதையும் ரூம் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆபத்து அறிகுறிகள் என்னென்ன?

வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் எச்சில் வழிவது, காது சிவந்து சுடுவது, உடம்பை நீட்டித் துவண்டு படுப்பது ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடனே நிழலுக்கு மாற்றி, சாதாரண குளிர்ச்சியில் இருக்கும் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்து, விசிறி விடுங்கள். ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றக் கூடாது. கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதேபோல 12 மணி நேரமாகச் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றாலும் அவசரம்தான். போகும் ஊரில் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது, அங்கே சிறு பிராணிகளைப் பார்ப்பார்களா என்பதை முன்பே விசாரித்து நம்பரைச் சேமித்து வையுங்கள். சென்னை என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகளுக்குத் தேவையில்லாத வலி ஏற்படும்படி கொண்டுசெல்வதும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11இன் கீழ் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். தொகை சின்னதாக இருக்கலாம், ஆனால் இழப்பு சின்னது இல்லை. அந்த வீட்டுக் குழந்தையிடம் கேட்டால் தெரியும்.

அப்போ கூட்டிட்டுப் போகலாமா, வேண்டாமா?

ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் பயணம், ஏசி கார், போகும் இடத்தில் ஒரு குளிர்ந்த அறை: இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். இரண்டு, மூன்று நாள் சுற்றுலா, பஸ் பயணம், தினமும் வேறு வேறு ஓட்டல் என்றால் வீட்டிலேயே விடுவதுதான் அதற்கு நல்லது.

அப்படி விட்டால், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள். தினமும் இரண்டு வேளை வந்து புல், தண்ணீர், காய்கறி வைத்து, சாப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பகலில் ஆள் இருக்கும் பக்கத்து வீட்டிலேயே கூண்டை வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், அதைக் கவனிக்க அங்கே யாராவது இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தினமும் சாயந்திரம் வீடியோ காலில் காட்டச் சொன்னால், அவர்களும் நிம்மதியாக டூரை முடித்துவிட்டு வருவார்கள்.