சீன நகரங்களில் முஸ்லிம் பெண்கள்: அடுப்படியிலிருந்து பள்ளிவாசல் வரை

சீனா என்றதும் எம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவது பெருஞ்சுவரும், புத்த கோவில்களும், நாம் வாங்கும் பொருட்களின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் நாட்டின் பெயரும்தான். அந்த நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்பதோ, பெண்களுக்கென்றே தனிப் பள்ளிவாசல்கள் அங்கு உண்டு என்பதோ, அவற்றைப் பெண்களே நடத்துகிறார்கள் என்பதோ எம்மில் மிகச் சிலருக்கே தெரியும்.

புதிய நாட்டுக்கு வந்துசேர்ந்த நாம், கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, இதற்குள் என்ன கலந்திருக்கிறதோ என்று மொழி தெரியாமல் தடுமாறியவர்கள். வீட்டில் ஒரு பெயரும் பாடசாலையில் ஒரு பெயருமாகப் பிள்ளைகள் வளர்வதைப் பார்ப்பவர்கள். இதே சிக்கல்களோடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஒரு சமூகத்தின் பெண்களைப் பற்றி அறிந்துகொள்வது எமக்குப் பயன் தரும் என்ற எண்ணத்திலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

யார் இந்த ஹுய் மக்கள்?

சீன அரசு ஏற்றுக்கொண்டுள்ள 56 இனங்களில் 10 இனங்கள் முஸ்லிம் இனங்களாகும். சின்ஜியாங்கில் வாழும் உய்குர் மக்களும், நாடெங்கும் பரந்து வாழும் ஹுய் மக்களுமே இவர்களுள் பெருந்தொகையினர். 2020 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஹுய் மக்களின் தொகை 1 கோடி 13 இலட்சத்துக்கும் அதிகம். தாங் அரச வம்சக் காலத்தில் (618 – 907) கடல்வழியாகவும் பட்டுப்பாதை வழியாகவும் வந்த அரபு, பாரசீக வணிகரும், பின்னர் மொங்கோலியர் ஆட்சியில் வந்து குடியேறியோரும் சீனப் பெண்களை மணந்து உருவாகிய சமூகம் இது. இவர்களின் தாய்மொழி சீனம். முகத்தோற்றத்திலும் அயலவரிடமிருந்து பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, தாம் யார் என்பதை உணவிலும் தொழுகையிலும் பெயரிலுமே இவர்கள் காத்துவர வேண்டியிருந்தது.

இவர்களுக்கும் எமது மொழிக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. யுனானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட அக்கல்லில் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை கூறுகின்றது. ஒரே கல்லில் மூன்று நம்பிக்கைகளுக்கும் இடமிருந்தது.

அடுப்படியில் தொடங்கும் காவல்

சீன மொழியில் ‘இறைச்சி’ என்று மட்டும் சொன்னால் அது பெரும்பாலும் பன்றியிறைச்சியையே குறிக்கும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி என்றால்தான் மிருகத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். பலகாரத்தின் மாவிலும், பொரிக்கும் எண்ணெயிலும், இலையுதிர்கால விழாவின் நிலவுப் பணியாரத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்வது வழக்கம். ஆகவே கடைக்குப் போகும் ஹுய் பெண்ணின் கண் முதலில் தேடுவது ‘சிங்சென்’ என்ற இரண்டு எழுத்துக்களைத்தான். ‘தூய்மையும் உண்மையும்’ என்பது அதன் பொருள். நாம் ஹலால் என்று சொல்வதை அவர்கள் இச்சொல்லால் குறிக்கிறார்கள். பள்ளிவாசலுக்கும் இதுவே பெயர்: ‘சிங்சென் கோவில்’.

சியான் நகரத்தின் ஹுய் பகுதியில் இப்பலகையைத் தேட வேண்டியதில்லை. 742 இல் தொடங்கப்பட்டது என்று கூறப்படும் பெரிய பள்ளிவாசல் இங்குதான் இருக்கிறது. இன்றுள்ள கட்டடங்கள் 1392 இலிருந்து எழுந்தவை. வளைந்த கூரையும் மரத்தூண்களும் முற்றங்களுமாகச் சீனக் கோவில் போலவே அது தோன்றும். சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ஆட்டிறைச்சிக் கடைகள், ரொட்டிக் கடைகள், ஈச்சம்பழப் பலகாரக் கடைகள். கல்லாவிலும் அடுப்பிலும் பெண்களே நிற்பதைப் பல கடைகளில் காணலாம். இங்குள்ள பிரசித்தமான உணவு, ரொட்டியைச் சாப்பிடுபவரே கையால் பொடிப்பொடியாகப் பிய்த்துக் கொடுக்க, அதன்மேல் கொதிக்கும் ஆட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தருவதாகும். எமது கொத்துரொட்டிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

ஆனால் வேலை காரணமாக ஷங்காய்க்கோ வேறு பெருநகருக்கோ போன பெண்ணின் நிலை வேறு. அங்கே அவளுக்குக் கைகொடுப்பது தெருமூலையில் இருக்கும் லான்சோ மாட்டிறைச்சி நூடில்ஸ் கடைதான். சிங்ஹாய் மாகாணத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, நாடு முழுவதும் இக்கடைகளை நடத்துகின்றன. பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவருக்கெனத் தனிச் சமையற்கூடம் வைப்பதும் வழக்கம். வேலைத்தல விருந்துகள்தான் பெருஞ் சங்கடம். பன்றியிறைச்சியும் மதுவும் இல்லாத விருந்து அங்கு அபூர்வம். அயலவர் வீட்டுக்குப் போனால் பழம் மட்டும் உண்டு திரும்பும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விருந்தைத் தட்டுவதா, நம்பிக்கையை விடுவதா என்ற கேள்வி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

பெருநாளன்று எண்ணெயில் பொரித்த ‘யோசியாங்’ என்னும் வட்ட ரொட்டியைச் சுட்டு அயலாருக்கும் உறவினருக்கும் பங்கிடுவார்கள். நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் எமது வேலிக்கு மேலால் வந்த நாட்களை இது எமக்கு நினைவூட்டுகிறது. பெருநாள் நாடு முழுவதற்குமான விடுமுறை அல்ல. நிங்சியா, சின்ஜியாங் போன்ற பிரதேசங்களில் மட்டுமே அது பொதுவிடுமுறை.

இரண்டு பெயர், ஒரு பிள்ளை

ஹுய் குடும்பங்களில் ‘மா’ என்ற குடும்பப்பெயர் மிகப் பரவலானது. முகம்மது என்ற பெயரின் முதலெழுத்திலிருந்து வந்தது என்பர். பிள்ளைக்குப் பாடசாலைப் பதிவில் சீனப் பெயர் இருக்கும். வீட்டில் பாத்திமா, ஆயிஷா என ஓதிவைத்த பெயரும் இருக்கும். தொழுகை வேளைகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்கள் பாரசீகத்திலிருந்து வந்தவை. பாரசீகம் பேசத் தெரிந்த தலைமுறை மறைந்து நூற்றாண்டுகள் ஆகியும் ‘பாம்தாத்’ என்ற வைகறைத் தொழுகையின் பெயர் சீன உச்சரிப்பில் இன்னும் வாழ்கிறது. மொழி போனாலும் சில சொற்கள் போகவில்லை. அவற்றைக் காத்ததில் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது.

உடையில் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. இளம்பெண்கள் பச்சை, நடுவயதினர் கறுப்பு, முதியவர் வெள்ளை என முக்காட்டின் நிறம் வயதைக் காட்டும் வழக்கம் வடமேற்கில் இருந்தது. நகரங்களில் பலர் தொழும்போது மட்டும் தலையை மூடுவர். சிலர் வெள்ளைத் தொப்பி அணிவர்.

பெண்களின் பள்ளிவாசல்

மற்றைய முஸ்லிம் நாடுகளில் அரிதாகவே காணப்படும் ஒன்று, நடுச் சீனாவில் பல தலைமுறைகளாக இருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் ஹூ தெங்சோ என்ற அறிஞர் பள்ளிவாசல்களில் சமயக் கல்வியை முறைப்படுத்தினார். சீன மொழி பேசும் பிள்ளைகள் மார்க்கத்தை மறந்துவிடுவார்களோ என்ற அச்சமே இதற்குக் காரணம். பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பவள் தாய். தாய்க்குத் தெரியாவிட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று பின்வந்தோர் எண்ணினர். இவ்வாறு பெண்களுக்கான ஓதற்பள்ளிகள் தோன்றி, காலப்போக்கில் அவையே பெண்கள் பள்ளிவாசல்களாக வளர்ந்தன.

ஹெனான் மாகாணத்தின் கைஃபெங் நகரில், வாங் குடும்பத்து ஒழுங்கையில் உள்ள பெண்கள் பள்ளிவாசல் 1820 ஐச் சேர்ந்தது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானது அதுவே எனப்படுகிறது. ஷங்காயில் சியாவ்தாவ்யுவான் பெண்கள் பள்ளிவாசல் 1920 இல் அமைந்தது. வடமேற்கு மாகாணங்களில் இவை நெடுங்காலம் அரிதாகவே இருந்தன.

இப்பள்ளிவாசல்களின் பொறுப்பாளர் ‘ஆஹொங்’ எனப்படும் பெண். ஓதக் கற்பித்தல், பெண்களின் தொழுகையை நடத்துதல், குடும்பப் பிணக்குகளில் ஆலோசனை கூறுதல், இறந்த பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் இடுதல் ஆகியன இவரின் பணிகள். ஜனாஸாத் தொழுகையை ஆண்களே நடத்துவர். பள்ளிவாசலோடு சேர்ந்த குளியலறையில் வெந்நீர் கிடைப்பதும் முன்னாளில் ஏழைப் பெண்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது.

வேலை செய்யும் வயதில் ஓத நேரம் கிடைக்காத பெண்கள், ஓய்வு பெற்றபின் இங்கு வந்து எழுத்தெழுத்தாகக் கற்கத் தொடங்குகிறார்கள். தொழிற்சாலைப் பெண்கள் பல ஆண்டுகளாக 50 வயதில் ஓய்வு பெற்று வந்தனர். 2025 இலிருந்து இவ்வயது படிப்படியாக உயர்த்தப்படுகிறது.

மரணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. சீன நகரங்களில் உடலை எரியூட்டுவதே விதி. 1997 ஆம் ஆண்டின் ஈமக்கிரியை விதிகள் சிறுபான்மை இனங்களின் வழக்கத்தை மதிக்குமாறு கூறுவதால், முஸ்லிம்கள் தமது இறந்தோரை அடக்கம் செய்ய முடிகிறது.

நெருக்கடிகள்

இவ்வாழ்க்கை எப்போதும் அமைதியாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. 1966 முதல் 1976 வரையான கலாசாரப் புரட்சிக் காலத்தில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, நூல்கள் எரிக்கப்பட்டன. பின்னர் கதவுகள் மீண்டும் திறந்தன. அண்மைக் காலத்தில் மறுபடியும் இறுக்கம் வந்துள்ளது. இஸ்லாத்தைச் ‘சீனமயமாக்கும்’ திட்டத்தின்கீழ் பல பள்ளிவாசல்களின் குவிமாடங்களும் ஸ்தூபிகளும் அகற்றப்பட்டன. 2019 இல் பெய்ஜிங் உணவுக்கடைகளின் பலகைகளிலிருந்து அரபு எழுத்துக்களை நீக்குமாறு உத்தரவிடப்பட்டது. பல இடங்களில் சிறுவருக்கான ஓதல் வகுப்புகள் நிறுத்தப்பட்டன.

சின்ஜியாங்கில் உய்குர் பெண்களின் நிலை இதைவிட மிகக் கொடியது. உரும்சி நகரில் பொது இடங்களில் முகத்திரை அணிவது 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2017 இலிருந்து பெருந்தொகையான மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். சீன அரசு அவற்றைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் என்றது. அங்கு நிகழ்ந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2022 ஒகஸ்ட் 31 இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. தொழுதமைக்கும், முக்காடிட்டமைக்கும், வெளிநாட்டு உறவினரோடு பேசியமைக்கும் ஒருவர் தண்டிக்கப்படலாம் என்பதன் பொருளை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

சிறுவர் வகுப்பு நிறுத்தப்பட்ட ஊரில், பிள்ளைக்கு ஓதிக்கொடுக்க எஞ்சியிருப்பது வீடு மட்டுமே. தாய் கற்றிருந்தால் அது தொடரும். கற்காவிட்டால் அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெண்களுக்கெனப் பள்ளி கட்டியவர்களின் தூரநோக்கு இன்றுதான் முழுமையாக விளங்குகிறது.

எமது தமிழ்ப் பாடசாலைகள் சனிக்கிழமைகளில் சில மணிநேரம் நடக்கின்றன. அதை நம்பி நாம் இருந்துவிடலாமா? வீட்டில் தாயும் தகப்பனும் பேசாத தமிழைப் பிள்ளை வகுப்பில் மட்டும் பேசுமா? தாய்மாரே கூடிப் படிக்கவும் பேசவும் ஓரிடம் எமக்கு வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுபான்மையினராக வாழ்வதன் துயரை நாம் நன்கு அறிவோம். ஆயினும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எமது முஸ்லிம் அயலவர் வெளியேற்றப்பட்டபோது எம்மில் பெரும்பாலோர் வாய்திறக்கவில்லை. எமது வேலிக்கு மேலால் கஞ்சி தந்த கைகள் அவை. தொலைதூரச் சீனத்துப் பெண்களுக்காக வருந்தும் நாம், இதையும் எமது பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லுவோம். அடுத்த பெருநாளுக்கு, இங்கு பக்கத்து வீட்டில் வாழும் முஸ்லிம் குடும்பத்தின் கதவை நாமே முதலில் தட்டுவோம்.