வண்டிக்குள் சமையலறை: எந்த சிங்க் தாங்கும், எது துருப்பிடிக்கும்?

சென்னைக்காரர்களுக்கு ‘கேரவன்’ என்றால் ஷூட்டிங்கில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். குன்றத்தூரிலிருந்து செம்பரம்பாக்கம் பக்கம் போனால் ஈவிபி பிலிம் சிட்டி இருப்பதால், அந்தப் பகுதி மக்களுக்கு அது பழகிய காட்சி. இப்போது படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்து குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பும் வண்டியையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. பழைய வேனை வாங்கி அப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி மாற்றும்போது படுக்கைக்கும் ஏசிக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்பவர்கள், சிங்க் என்று வரும்போது மட்டும் “சிங்க்தானே, ஏதாவது ஒண்ணு போட்டுக்கலாம்” என்று விட்டுவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் சிங்க் ஒழுகினால் கீழே ஒரு வாளி வைத்துச் சமாளிக்கலாம். வண்டியில் சிங்க்குக்கு அடியிலேயே பேட்டரியும் வயரிங்கும் ஓடும். தரை பிளைவுட்டாக இருக்கும். மெல்ல மெல்லக் கசியும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்குள் பிளைவுட் ஊறி உப்பிவிடும். சிங்க்கை மாற்ற வேண்டுமென்றால் மேடையையே பிரிக்க வேண்டியிருக்கும்.

வீட்டு சிங்க்கையே வண்டியில் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் வண்டியில் மூன்று விஷயங்கள் மாறுகின்றன: எடை, குலுக்கல், தண்ணீர்.

முதலில் எடை. வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டீசலிலும் டயரிலும் பிரேக்கிலும் கணக்காகும். 100 லிட்டர் டேங்க் நிரம்பினாலே 100 கிலோ. இதில் சிங்க்கின் பங்கு என்ன? உள்பக்கமும் விளிம்பும் சேர்த்து 0.6 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தொட்டி சிங்க்கை எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. ஸ்டீலில் செய்தால் ஏறக்குறைய 5 கிலோ. இப்போது பேஷனாக இருக்கும் ‘கிரானைட் சிங்க்’ என்றால், 9 மி.மீ. தடிமனுக்கே 12 கிலோ வந்துவிடும்.

அடுத்து குலுக்கல். வேகத்தடையிலும் பள்ளத்திலும் வண்டியின் உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலுக்கு வளைந்து கொடுக்கும் பொருள் பிழைக்கும். வளையாதது விரியும்.

மூன்றாவது தண்ணீர். தென் சென்னைப் புறநகரில் இதுதான் பெரிய எதிரி.

மற்ற பொருட்கள் ஏன் சரிப்படாது?

கிரானைட் சிங்க் என்பது கல்லைக் குடைந்து செய்தது அல்ல. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து அச்சில் வார்த்தது. சூட்டையும் கறையையும் நன்றாகவே தாங்கும். வீட்டுக்கு நல்ல பொருள்தான். ஆனால் கனம் அதிகம், வளையாது. குக்கர் கைதவறி விழுந்தால் விளிம்பு தெறிக்கலாம். பீங்கான் சிங்க்குக்கும் இதே கதைதான், கனம் இன்னும் கூடுதல்.

அக்ரிலிக், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் சிங்க் மிக லேசானது, துருவே பிடிக்காது. ஆனால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே இளக ஆரம்பித்துவிடும். தாளித்த கடாயை அடுப்பிலிருந்து நேராக சிங்க்கில் இறக்குகிற நம் பழக்கத்துக்கு இது தாங்காது. டீ, காபியோடு முடித்துக்கொள்பவர்களுக்கு ஓகே.

அலுமினியம் லேசு. ஆனால் புளி, எலுமிச்சை போன்ற புளிப்பும், காரம் மிகுந்த சோப்புத் தூளும் அதை அரிக்கும். எனாமல் பூசிய இரும்பில் ஒரு இடத்தில் பூச்சு உடைந்தால் போதும், உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்.

மிச்சம் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். லேசு, வளையும், சூடு தாங்கும், அடிபட்டால் நசுங்குமே தவிர உடையாது. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் தயாராகும் எல்.எச்.பி. ரயில் பெட்டிகளின் உடம்பே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

அப்புறம் ஏன் ஸ்டீல் சிங்க்கிலும் துரு வருகிறது?

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால். அங்கே தோல் பதனிடப் பயன்பட்ட அதே குரோமியம்தான் ஸ்டீலுக்கும் காவல். ஸ்டீலில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மீண்டும் உருவாகும்.

இந்தப் படலத்தை உடைப்பது குளோரைடு, அதாவது உப்பு. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500 தரநிலை, வேறு வழியே இல்லை என்றால் 1,000 வரை. குன்றத்தூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகள் நிறைய. தண்ணீர் நாக்கில் கரித்தால் அதில் குளோரைடு கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், தண்ணீர் காயும் விதம். 250 மில்லிகிராம் அளவுள்ள ஒரு சொட்டு காய்ந்து பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், அந்த இடத்தில் உப்பின் அடர்த்தி 2,500 ஆகிவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இது சீக்கிரமே நடக்கும். படலம் உடைந்த இடத்தில் குண்டூசி முனை அளவில் குழி விழும். அந்தக் குழி பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும். மெல்லிய தகடாக இருந்தால் ஒருநாள் ஓட்டையே விழுந்துவிடும்.

எந்த கிரேடு வாங்குவது?

304 என்ற ரகத்தில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் இருக்கும். சமையலறைக்கு நம்பகமான ரகம் இதுதான். நிக்கல் விலை அதிகம் என்பதால், 202, ஜே4 போன்ற ரகங்களில் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். ஜே4-ல் குரோமியமும் குறைவு. புதிதாக இருக்கும்போது எல்லாமே ஒரே மாதிரிதான் பளபளக்கும். உப்புத் தண்ணீரில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

316 ரகத்தில் 2 முதல் 3% வரை மாலிப்டினம் உண்டு. உப்பை 304-ஐ விட நன்றாகத் தாங்கும். கோவளம், மாமல்லபுரம் என்று கடற்கரையிலேயே பெரும்பாலும் வண்டியை நிறுத்துபவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு 304 போதும்.

தடிமனில் ஒரு குழப்பம் வரும். ‘கேஜ்’ எண் குறையக் குறைய தகடு தடிமனாகும். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ., 20 கேஜ் 1 மி.மீ-க்குச் சற்றுக் குறைவு. வண்டிக்கு 18 கேஜ் பொருத்தம். எடையைக் குறைக்க வேண்டுமென்றால் தரமான 304-ல் 20 கேஜ் வரை இறங்கலாம்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

“பாருங்க சார், காந்தம் ஒட்டல, ஒரிஜினல் 304” என்று காட்டுவது கடைகளில் வழக்கம். அது பாதி உண்மைதான். சிங்க்கின் தட்டையான அடிப்பகுதியில் காந்தம் பலமாக ஒட்டினால் அது 304 இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் 304 ஆகிவிடாது. 202, ஜே4 ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. அதேபோல நல்ல 304 சிங்க்கிலும் அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாகப் பிடிக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம்.

ஸ்டீல் வியாபாரிகளிடம் மாங்கனீஸ் டெஸ்ட் திரவம் இருக்கும். தகட்டில் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியால் தொட்டால், 202 போன்ற ரகங்களில் சிவப்பாக மாறும். 304-ல் அப்படிச் சிவக்காது. இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். வீட்டு உபயோக ஸ்டீல் சிங்க்குக்கு ஐ.எஸ். 13983 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. பில்லில் கிரேடையும் தடிமனையும் எழுதி வாங்குவது நல்லது. நாளைக்குப் பேச அந்தக் காகிதம்தான் உதவும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

மூலைகள் வெல்டிங் செய்தவையாக இல்லாமல், ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த சிங்க்காக இருந்தால் குலுக்கலில் விரிய இணைப்பே இருக்காது. விளிம்புக்கு அடியில் சிலிக்கான் பூசி, கிளிப்புகளால் மேடையோடு இறுக்க வேண்டும். சிலிக்கானை மட்டும் நம்பக் கூடாது. வேஸ்ட் பைப் வளையும் வகையாக இருக்கட்டும். பிளைவுட் மேடையில் வெட்டிய ஓரங்களுக்கு முதலில் வார்னிஷோ எபாக்சியோ அடித்துவிட்டால், பிறகு கசிவு வந்தாலும் மரம் உடனே ஊறாது.

வண்டியையே மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். ஆர்.சி-யில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி விதிமுறையும் உண்டு.

ஆசிட் மட்டும் வேண்டாம்

உப்புக்கறை படிந்தால் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்த விலை கொடுத்து வாங்கிய 304-ஐயும் அது கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். இரும்பு நாரில் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். கறைக்கு வினிகரோ எலுமிச்சையோ தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவினால் போதும். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது சிங்க்கை ஈரமில்லாமல் துடைத்து வைக்க வேண்டும்.

ஏற்கனவே பழுப்புப் புள்ளி வந்துவிட்டதா? எலுமிச்சை தடவித் துடைத்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அது வெளியிலிருந்து ஒட்டிய துரு, கவலை வேண்டாம். நகம் தட்டினால் குழி விழுந்திருக்கிறது. அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்து, அந்த இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.