சறுக்கி விழுந்தபோது ஊன்றிய கை

சக்கரக் காலணியோடு விழுகிறவர் யோசித்து விழுவதில்லை. முகம் தரையில் மோதாமல் காக்க, கை தானாக முன்னே நீண்டு ஊன்றிக்கொள்கிறது. உடல் எடையும் ஓடி வந்த வேகமும் ஒரு நொடிக்குள் மணிக்கட்டில் இறங்குகின்றன. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் வார இறுதியில் சறுக்கிப் பழகும் பிள்ளைகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு புதிதல்ல. அது ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தருவது பெரும்பாலும் மணிக்கட்டுதான்.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டு, அளவிலும் வடிவத்திலும் ஏறக்குறைய ஒரு முந்திரிப் பருப்பு. இதற்கு இரத்தம் போகும் வழி சற்று விசித்திரமானது. பெரும்பாலான இரத்தம் விரல்களை நோக்கிய பாதியில் நுழைந்து, முழங்கைப் பக்கமாகத் திரும்பிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு இரத்தம் தடைபடுகிறது. எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு அந்தத் துண்டு உயிரற்றும் போய்விடுகிறது.

இந்த முறிவு கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. கை கோணுவதில்லை, வீக்கமும் கொஞ்சம்தான். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவோர் நம்மிடையே குறைவில்லை! மருத்துவர் தேடுவது வேறோர் அடையாளம். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில் ஒரு சிறு குழி விழும். அக்காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சினார்கள்; உடற்கூற்று நூல்களில் இன்றும் அதற்குப் பொடி டப்பி என்றே பெயர். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாள்களில் மறுபடியும் படம் எடுப்பது வழக்கம். எம்ஆர்ஐ எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கவனிக்காமல் விட்டால் வலி தானே அடங்கி, ஆள் மறந்தும் போகலாம். ஆனால் கூடாத இரண்டு துண்டுகளும் உள்ளே அசைந்துகொண்டேயிருக்கும். சுற்றியுள்ள எலும்புகள் இடம் பிசகி, குருத்தெலும்பு தேயத் தொடங்கும். பதின்ம வயதில் விழுந்தவருக்கு 30, 40 வயதில் ஈரத் துணியைப் பிழியவோ தரையில் கையூன்றி எழவோ முடியாமல் மூட்டுவாதம் வருவது இப்படித்தான். அந்த நிலையில் சில எலும்புகளை அகற்றியோ ஒன்றாக இணைத்தோ வலியைக் குறைக்கலாம். மணிக்கட்டின் பழைய அசைவு முழுதாகத் திரும்பாது.

சிறுவர்களின் கதை வேறு. அவர்களுக்கு எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு எனும் மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவருக்குத் தசைநார் சுளுக்கும் அதே விழுகையில், பிள்ளைக்கு இந்தத் தட்டு விரிசல் காணலாம். முன்கையின் ஆர எலும்பு நீள்வதில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்தே நடக்கிறது. பெரும்பாலான காயங்கள் குறையின்றி ஆறிவிடுகின்றன. அரிதாகத் தட்டு பாதிக்கப்பட்டால் ஓர் எலும்பு நின்றுவிட, பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போய்க் கை கோணும். இது தெரிய மாதங்கள் ஆகும். கட்டுப் பிரித்த பிறகும் மருத்துவர் வரச் சொல்லும் நாள்களைத் தவறவிடாதீர்கள்.

மணிக்கட்டுக் கவசத்தின் பயன் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் இன்லைன் ஸ்கேட்டிங்கில் காயமடைந்தோரை ஆராய்ந்து 1996ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, கவசம் அணியாதோருக்கு மணிக்கட்டுக் காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்று கண்டது. உள்ளங்கையில் இருக்கும் கெட்டித் தகடு தரையில் வழுக்கிப் போவதால் மோதல் ஓரிடத்தில் குவிவதில்லை. தொளதொளவென்று மாட்டிய கவசத்தில் இந்தப் பலன் கிடைக்காது. கவசத்தின் மேல் விளிம்பை ஒட்டி முன்கை முறிந்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. ஆனால் அவை அரிது.

பேரப்பிள்ளையோடு சறுக்கப் போகும் பாட்டிமார் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குச் சாதாரணமாக விழுந்ததிலேயே மணிக்கட்டு முறிந்தால், அது எலும்புத் தேய்மானத்தின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். கைக்குக் கட்டுப் போட்ட மருத்துவர், எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் எழுதிக் கொடுப்பது அதனால்தான்.